படையலில் வைத்த பாட்டில்

மாசி மாதத்தில் அப்பாதுரையின் நினைவு நாள் வரும். வீட்டைக் கழுவி, படத்துக்குப் பூ போட்டு, தலைவாழை இலையில் சோறும் கறிக்குழம்பும் வடையும் வைத்து முடித்ததும், அவருடைய தம்பி ராஜ்குமார் இடுப்பில் செருகி வந்திருக்கும் குவார்ட்டர் பாட்டிலை எடுப்பான். மூடியைத் திருகிவிட்டு, இலையின் ஓரத்தில் அண்ணன் படத்துக்கு நேராக நிறுத்துவான். செத்தவர்களுக்கு உயிரோடு இருந்தபோது எது பிடித்ததோ அதைப் படைக்க வேண்டும். பீடி பிடித்தவருக்கு பீடிக்கட்டு, பொடி போட்டவருக்குப் பொடிமட்டை. பிரம்மதேசத்துக்கு அந்தாண்டை இருக்கும் அந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் செய்தார்கள்.

அப்பாதுரையின் மனைவி வெள்ளையம்மாள் கற்பூரத் தட்டோடு அந்தப் பாட்டிலைப் பார்த்தபடி நிற்பாள். அவருக்குப் பிடித்தது வறுத்த மல்லாட்டையும் ஒரு கட்டி வெல்லமும்தான்; வேர்க்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். அதை அவள் இலையின் இன்னொரு ஓரத்தில் ஒரு கைப்பிடி வைத்திருப்பாள். யாரும் கவனிக்க மாட்டார்கள். இந்தப் பாட்டிலை எடுத்துவிடு தம்பி என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். கூடம் நிறையப் பங்காளிகள் நிற்பார்கள். வந்த பேச்சு வந்த இடத்திலேயே நின்றுவிடும். தீபாராதனை முடிந்ததும் பாட்டிலைப் பங்காளிகள் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போவார்கள். ராஜ்குமார் அதில் ஒரு சொட்டும் தொடமாட்டான். அதையும் அவள் பார்த்திருந்தாள்.

பேசாமல் பார்ப்பது அவளுக்குச் சிறு வயதிலேயே வந்தது. பிறந்த ஊர் திருவாமாத்தூர்ப் பக்கம். ஏழாவது படிக்கும்போது வயதுக்கு வந்தாள், பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அதற்கு முன்னாலும் வகுப்பில் அவள் குரலை வாத்தியார் கேட்டது குறைவு. யாராவது இரண்டு பேர் சேர்ந்தாற்போல் அவள் முகத்தைப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆனால் கண் சும்மா இருக்காது. மாடு எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது, வந்த விருந்தாளி சாப்பாட்டில் எதை ஒதுக்குகிறார் என்பதெல்லாம் தானாகப் பதியும். பெண் பார்க்க வந்த அப்பாதுரையை அவள் முகம் பார்க்கவில்லை. திரும்பிப் போகும்போது ஜன்னல் வழியாக நடையைப் பார்த்தாள். இரண்டு கையையும் அகலமாக வீசி, வழியில் வேறு யாருக்கும் இடமில்லை என்பதுபோல் நடந்தார். கல்யாணமான பிறகும், ஏரிக்கரையில் அவர் தலை தெரிவதற்கு முன்னால் கை வீச்சு தெரிந்துவிடும். உலையில் அரிசி போட அதுதான் அவளுக்குக் கணக்கு.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவாக நிலம் இருந்தது. மல்லாட்டை, கத்திரி, தண்ணீர் நின்றால் நெல். பூச்சி விழுந்தால் ஆள் வைக்காமல் இரண்டு பேருமே முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு மருந்து அடித்தார்கள். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்கும். அப்படியே வந்து சோறு தின்பார்கள். அப்பாதுரை கல்யாணமான புதிதில் பொங்கல், திருவிழா என்றால் குடிப்பார். மகள் சங்கவி பிறந்ததும் விட்டுவிட்டார். விட்டதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. குடித்ததைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருந்தது.

அவருக்கு ஐம்பத்து மூன்று நான்கு வயது இருக்கும்போது, ஒரு நாள் அடுப்பில் மல்லாட்டை கருகிப் புகைந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அசையவில்லை. வாடை வரவில்லையா என்று கேட்டதற்கு, இல்லையே என்றார். கொஞ்ச காலம் கழித்து ஏரிக்கரையில் அவர் வருவது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. இடது கை வீசியது, வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு அந்தக் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசத் தொடங்கின. வறுத்த மல்லாட்டையின் தோலை உரிப்பதுபோல, உரிக்க ஒன்றும் இல்லாமலே, சும்மா இருக்கும்போதெல்லாம்.

ஊர் அதற்கு ஒரே பெயர்தான் வைத்திருந்தது, குடி. டீக்கடையில் அவர் கிளாசைக் கையில் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிடும். அதைப் பார்த்து ஒருவன், "டீ கிளாஸுக்கே நிக்குதே, சாயங்காலம் வேற கிளாஸு புடிச்சா செலயாட்டம் நிக்கும்போல மாமா" என்றான். கடையே சிரித்தது. சங்கவியின் கல்யாணம் விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அப்பாதுரை முகத்தில் சிரிப்பே வரவில்லை. போதையில் உட்கார்ந்திருக்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்தார்கள். சிரிக்கிறேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் ஏரிக்கரை முனீஸ்வரனிடம் அழைத்துப்போய்க் கயிறு கட்டினார்கள். குடியை விடுகிறவர்களுக்கு அங்கே பூசாரி வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார். இனிமேல் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சொல்ல வேண்டும். சத்தியத்தை மீறினால் கயிறு தானாக அறுந்து விழும் என்பது நம்பிக்கை. அப்பாதுரை தொடாததைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். கையோ முன்னைவிட அதிகமாக ஆடியது. சாமியிடம் பொய் சொன்னவன் என்றார்கள். விதைப்புக்கு முதல் பிடி போட அவரைக் கூப்பிடுவது நின்றது. "நான் மீறல வெள்ள" என்று அவளிடம் மட்டும் சொன்னார். குரல் அப்போதே உள்ளே போய்விட்டிருந்தது. குனிந்து காது கொடுத்தால்தான் கேட்கும்.

இரண்டு தடவை விழுந்தார். படுத்தார். ஒரு நாள் ஊட்டிய சோறு விக்கி, நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு போய்ச்சேர்ந்தார். சாவு வீட்டில் ஆண்கள் குடிதான் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். உடம்பைக் கழுவும்போது ஒருத்தி கயிற்றை அறுக்கக் கத்தி எடுத்தாள். வெள்ளையம்மாள் அவள் கையைத் தடுத்தாள். கயிறு நைந்திருந்தது, ஆனால் அறுந்திருக்கவில்லை. அதோடுதான் சுடுகாட்டுக்கு அனுப்பினாள்.

அதற்கப்புறம் வந்த ஒரு சித்திரையில், மல்லாட்டை பிடுங்கி முடித்த நேரம், ஜெசிந்தா என்கிற நர்ஸ் ஊருக்கு வந்தாள். ஒரு மருத்துவக் கல்லூரிக்காக வீடு வீடாகப் போய், சமீப வருஷங்களில் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மாள் மோர் கொடுத்தாள். சோறு விக்கி, சளி கட்டி இறந்தார் என்று எல்லாரிடமும் சொல்வதையே சொன்னாள். ஜெசிந்தா எழுந்து போயிருக்கலாம். போகாமல், அதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்று கேட்டாள். வாசனை தெரிந்ததா, தூக்கத்தில் கத்தினாரா, எழுந்திருக்க நேரமானதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்து, "நடக்கும்போது கை வீசுவாராம்மா?" என்றாள்.

வெள்ளையம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் செத்த அன்றுகூட அத்தனை பேர் நடுவில் அவள் சத்தமாக அழுததில்லை. இந்தக் கேள்வியை யாராவது ஒருத்தர் கேட்பார்கள் என்று தான் காத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"வீசுவாரும்மா. அவ்ளோ நல்லா வீசுவாரு. அப்பறம் சோத்துக்கை மட்டும் நின்னுபோச்சு."

ஜெசிந்தா சொன்னதை அவள் பிறகு பல நாள் மனதில் புரட்டிப் பார்த்தாள். இதற்கு நடுக்குவாதம் என்று பெயர். டாக்டர்கள் பார்க்கின்சன் என்பார்கள். மூளையில் ஒரு சத்து குறைவதால் வருவது, குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலகம் முழுக்க இந்த நோயோடு இருக்கிறவர்களும் அதனால் இறக்கிறவர்களும் முன்னைவிட அதிகமாகிவருகிறார்கள். மனிதர்கள் நிறைய வயது வரைக்கும் இருப்பது அதற்குப் பெரிய காரணம். பூச்சி மருந்துக்கும் பங்கு இருக்கலாம் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்கிறார்கள், ஆனால் ஒரு ஆளைக் காட்டி இவருக்கு அதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. இந்த மாதிரி ஊர்களில் கணக்கு பார்த்தால் அப்படி ஒரு நோயே இல்லாததுபோல் இருக்கும். நோய் பல வருஷம் ஆளைத் தின்கிறது. கடைசி வாரம் வந்த சளியும், கீழே விழுந்ததும், வயசாகிவிட்டது என்கிற பேச்சும் சாவுக்குக் காரணம் என்கிற பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுகின்றன.

கேட்டுக்கொண்டே வெள்ளையம்மாள் ஊரில் செத்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மேலத்தெருவில் கிணற்றடியில் விழுந்து செத்த கிழவர், கடைசி வருஷங்களில் குட்டிக் குட்டி அடியாக வைத்து, திரும்ப முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாரியம்மன் கோவில் தெருவில் ஒரு அம்மாளுக்கு முகமே மரத்துப்போயிருந்தது, மருமகள் மேல் கோபம் என்று சொன்னார்கள். இரண்டு பேருக்கும் என்ன என்று அவளால் சொல்ல முடியாது. ஆனால் யாரும் கேட்கவில்லை என்பது தெரியும்.

"இந்த நோவு அதிகமாவுதா, இல்ல இப்பதான் கண்ணுல படுதா?" என்று கேட்டாள்.

"ரெண்டும்தாம்மா. எதுல எவ்ளோன்னு தெரிஞ்சுக்கத்தான் இப்டி வெயில்ல சுத்திக்கினு இருக்கேன்" என்று ஜெசிந்தா சிரித்தாள்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். இந்த நோய் தீராது, ஆனால் மாத்திரை உண்டு. சீக்கிரம் பார்த்தால் பல வருஷம் நடக்கலாம், தன் கையால் சாப்பிடலாம். அது வெள்ளையம்மாளுக்கு ஆறுதலாக இல்லை. கயிற்றுக்குப் பதிலாக அந்த மாத்திரை இருந்திருந்தால் என்று நினைத்தபடி அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே ராஜ்குமாரின் மனைவி பூமாலை வந்தாள். ராஜ்குமார் நிலத்து வேலையோடு ஒரு டாடா ஏஸ் வண்டி வைத்து, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து திண்டிவனம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிப்போவான். அன்று காலை இறக்கும்போது கத்திரிக்காய்க் கூடை கையிலிருந்து நழுவி ரோடு முழுக்க உருண்டிருக்கிறது. காலையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டான், இனிமேல் இவன் வண்டியில் சரக்கு ஏற்றாதே என்று மண்டிக்காரர் எல்லாருக்கும் சொல்லிவிட்டாராம். வீட்டில் கேட்டதற்கு, ஆமாம், குடிக்கிறேன் என்று அவனே ஒத்துக்கொண்டானாம். வெள்ளிக்கிழமை கயிறு கட்ட ஏற்பாடாகிவிட்டது.

"ஆனா ஒண்ணு அக்கா. குடிச்சா வாடை வரணுமில்ல? பக்கத்துல படுக்கிறவ நானு. எனக்கு ஒருநாள்கூட வந்ததில்ல" என்றாள் பூமாலை.

வெள்ளையம்மாள் பம்பு செட்டுப் பக்கம் போனாள். ராஜ்குமார் வரப்பில் வந்துகொண்டிருந்தான். வலது கை வீசியது. இடது கை வீசவில்லை. எத்தனை மாதமாகத் தன் கண்ணில் பட்டும் தான் தள்ளிவைத்த காட்சி அது என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை வராது என்று நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

அவன் ஒரு ஆள்தானே, அவனிடம் அவளுக்குப் பேச வந்தது. நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். அவன் மோட்டார் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டே கேட்டான். ஆச்சரியப்படவில்லை.

"குடின்னே இருக்கட்டும் அண்ணி. குடின்னா வுட்டுடலாம். கயிறு கட்டினா ஒரு முடிவு. நோவுன்னா எங்க முடியும்? அண்ணன் கடைசியில கெடந்தத நான்தான தூக்கித் தூக்கி ஒக்கார வெச்சேன்."

"அப்ப உங்கண்ணன் குடிக்கலன்னு உனக்குத் தெரியும்."

அவன் காலையே கழுவிக்கொண்டிருந்தான். தன் கை ஆடத் தொடங்கிய பிறகு தெரியும் என்றான்.

"தெரிஞ்சும் இந்த மாசியில பாட்டில் வெச்ச."

"வைக்காம இருந்தா ஏன்னு கேப்பாங்க அண்ணி. கேட்டா இன்னா சொல்லுவேன்?"

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் இடது கை தண்ணீருக்குள் விரலை விரலோடு உரசிக்கொண்டிருந்தது. பார்த்ததும் கோபம் போய்விட்டது. "கயிறு கட்டினதுக்கு அப்பறமும் ஆடும் தம்பி. அப்ப உன்ன குடிகாரன்னு சொல்லமாட்டாங்க. சாமிய ஏமாத்தினவன்னு சொல்லுவாங்க. அது எப்டி இருக்கும்னு உங்கண்ணனக் கேக்க முடியாது, என்னக் கேளு" என்றாள். அவன் மோட்டாரை நிறுத்தப் போனான். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் கோவிலுக்குப் போய்விட்டான்.

கோவிலில் பங்காளிகள் எல்லாரும் இருந்தார்கள். வெள்ளையம்மாள் பெண்கள் பக்கம் கடைசியில் நின்றாள். பூசாரி எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தார். கறுப்புக் கயிற்றை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று சொல்லச் சொன்னார். ராஜ்குமார் கையை நீட்டிவிட்டான். வாய் திறந்தது.

"பூசாரிய்யா, அதச் சொல்ல வெக்காதீங்க."

தன் குரல்தான் என்று அவளுக்கே உடனே தெரியவில்லை. எல்லாத் தலையும் திரும்பியது. ஒரு பங்காளி, வெள்ளையம்மா பேசுதுடா, மழை வரப்போவுது என்றான். யாரோ சிரித்தார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் பூசாரி கையிலிருந்த கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எங்க வூட்டுக்காரருக்கும் நீங்கதான் கட்டினீங்க. மீறினா தானா அறுந்துடும்னு சொன்னீங்க. அவரப் பாடையில வெக்கிற வரைக்கும் அது கையிலதான் இருந்துச்சு. நீங்கல்லாம் சுத்தி நின்னீங்க. ஒருத்தரும் அந்தக் கையப் பாக்கல. கை ஆடினதத்தான் பாத்தீங்க. அவரு மீறல. அது நோவு. இவனுக்கும் அதே நோவுதான்."

சிரித்தவர்கள் நிறுத்தியிருந்தார்கள். பாடை தூக்கிய நாலு பேரில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அதில் ஒருவர், ஆமாம், கயிறு இருந்தது, பாடையில் வைக்கும்போது முடிச்சு என் கையில் உறுத்தியது என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பூசாரி நனைந்த கயிற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். குடித்தாயா என்று ராஜ்குமாரைக் கேட்டார்.

"இல்ல சாமி. குடிச்சேன்னு சொன்னதுதான் பொய்."

பூமாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கயிற்றை என்ன செய்வது என்று பூசாரிக்குக் குழப்பமாக இருந்தது. நனைத்த கயிற்றைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. வெள்ளையம்மாள்தான் வழி சொன்னாள். உடம்புக்கு என்று கட்டுங்கள், சத்தியம் வேண்டாம். பூசாரி அப்படியே கட்டினார். ஆஸ்பத்திரிக்கும் போ, கயிறு இருக்கிறது என்று சும்மா இருக்காதே என்றும் சொன்னார்.

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வெள்ளையம்மாளும் கூடப்போனாள். டாக்டர் ராஜ்குமாரை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார், விரலைத் தட்டச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டினார். அவள் சுவரோரமாக நின்றாள். அங்கே அவள் பேச வேண்டியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததைவிட எவ்வளவோ அதிகம் அவருக்குத் தெரிந்திருந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்து, நேரம் தவறக்கூடாது என்றார். வண்டி ஓட்டுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் ராஜ்குமார் கண் கலங்கினான், நோயின் பெயரைக் கேட்டு இல்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் சட்டைப் பட்டனைத் தானே போட்டுக்கொள்கிறான், நடை நீளமாக இருக்கிறது. மாத்திரையின் வேகம் தீர்ந்த நேரத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. வண்டி ஓட்ட ஆள் வைத்து, அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து மண்டிக்குப் போகிறான். மண்டிக்காரர் ஒருமாதிரி பார்த்தாலும் சரக்கு ஏற்ற விடுகிறார். டீக்கடையில் பேச்சு ஓயவில்லை, கொஞ்சம் மாறியிருக்கிறது. மேலத்தெருக் கிழவருடைய மகன் ஒரு நாள் வெள்ளையம்மாளை வழியில் நிறுத்தி, அப்பாவுக்கும் அதுதானா அத்தை என்று கேட்டான். தெரியாது என்றாள். நர்சம்மா மறுபடி வந்தால் அவர் எப்படி நடந்தார் என்பதைச் சொல், விழுந்ததை மட்டும் சொல்லாதே என்றாள்.

மறுபடி மாசி வந்தது. இலை போட்டு, சோறும் கறியும் வடையும் வைத்தார்கள். பங்காளிகள் கூடத்தில் நின்றார்கள். ராஜ்குமார் இடுப்பில் கை வைக்கவில்லை. அண்ணன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வெள்ளையம்மாள் வைத்திருந்த வறுத்த மல்லாட்டையை எடுத்து, ஒவ்வொன்றாகத் தோல் உரித்தான். விரல் அதன் போக்கில் ஆடியது. தோல் தானாகக் கழன்று விழுந்தது. உரித்த பருப்பையும் வெல்லத்தையும் இலையின் நடுவில் வைத்தான்.

ஒரு பங்காளி எட்டிப் பார்த்து, பாட்டில் எங்கே என்று கேட்டார்.

"எங்கண்ணன் குடிக்கமாட்டாரு" என்றான் ராஜ்குமார்.

"அது சரிடா. நாங்க குடிப்பமே" என்றார் அவர். கூடம் சிரித்தது. ராஜ்குமார் முகத்தில் சிரிப்பு மெதுவாக, கொஞ்சம் தாமதித்து வந்தது. வெள்ளையம்மாள் அது வரும்வரை பார்த்திருந்துவிட்டு, வழக்கமாகப் பாட்டில் நிற்கும் இடத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்து, கற்பூரத்தைப் பற்றவைத்தாள்.